செபுல்டுராவைப் பாடகரை வைத்துப் பிரிக்காதீர்கள்

பிரேசிலின் மெட்டல் பேண்ட் செபுல்டுரா பற்றிப் பேச்செடுத்தால் போதும், மெட்டல் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். மேக்ஸ் கவலேரா பாடிய வரைதான் செபுல்டுரா, 1996 டிசம்பரோடு எல்லாம் முடிந்தது என்று ஒரு கட்சி. அதன்பிறகு டெரிக் கிரீன் பாடிய ஆல்பங்களை ஒழுங்காகக் கேட்டுவிட்டுப் பேசுங்கள் என்று இன்னொரு கட்சி. கால் நூற்றாண்டு தாண்டியும் இந்தச் சண்டை ஓயவில்லை. எனக்கு இரண்டிலும் சேர விருப்பமில்லை. இரண்டுமே மைக்கைப் பிடித்தவர் யார் என்பதை வைத்துத்தான் காலத்தைப் பிரிக்கின்றன. என் கணக்கில் இந்த பேண்டின் வரலாறு டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களின் வரலாறு. பிரேசிலின் தாளம் மெட்டலுக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான். இடையில் மங்கியதும், பிறகு திரும்பியதும் அந்த வழியாகத்தான்.

ஆரம்பத்திலிருந்து வருகிறேன். 1984, பெலோ ஒரிசாண்டே நகரம். 1964-ல் தொடங்கிய ராணுவ ஆட்சி அப்போது தன் கடைசி மாதங்களில் இருந்தது. இத்தாலியத் தூதரகப் பணியில் இருந்த அப்பா இறந்துபோன பிறகு, வசதியாக வாழ்ந்த கவலேரா குடும்பம் சரிந்துவிட்டது. அந்த வீட்டுப் பையன்கள்தான் அண்ணன் மேக்ஸும், டிரம்ஸ் வாசித்த தம்பி இகோரும். அந்த ஊரில் கொகுமெலோ என்ற இசைத்தட்டுக் கடை தானே லேபிளாகவும் மாறி 1985-ல் இவர்களின் முதல் பதிவை வெளியிட்டது. மறுவருடம் முதல் முழு ஆல்பம், 'மார்பிட் விஷன்ஸ்'.

அந்தப் பதிவுகளில் பிரேசிலைத் தேடினால் கிடைக்காது. வெளிநாட்டு மெட்டல் பேண்டுகளான வெனமும் ஸ்லேயரும்தான் கிடைப்பார்கள். சாத்தான், சுடுகாடு, அரைகுறை ஆங்கிலம். 'உலக இசையை மெட்டலில் கலந்த பேண்ட்' என்று இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்தப் பையன்களுக்கு, பிரேசிலின் ஆட்ட இசையான சாம்பா உள்ளூர்ச் சரக்கு, வெளியூரிலிருந்து வந்தது மெட்டல்தான். ஊரே ஆடுகிற இசைக்கு முதுகைக் காட்டத்தான் அவர்கள் மெட்டல் பக்கம் ஓடினார்கள் என்று எனக்குத் தோன்றும். ஆகவே பின்னால் நடந்ததை, ஏதோ தூர தேசத்து வாத்தியத்தைத் தேடிப் பிடித்து ஒட்டவைத்த வேலையாகப் பார்க்க முடியாது. உதறிவிட்டு வந்ததை மறுபடி எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

1987-ல் ஆண்ட்ரியாஸ் கிஸ்ஸர் கிட்டாரோடு வந்து சேர்ந்ததும் பேண்டின் தரம் ஒரே தாவில் ஏறியது. 'ஸ்கிஸோஃப்ரீனியா', பிறகு ரோட்ரன்னர் நிறுவனத்தின் ஒப்பந்தம், 1989-ல் 'பினீத் த ரிமெய்ன்ஸ்', 1991-ல் 'அரைஸ்'. கடைசி இரண்டிலும் ஸ்காட் பர்ன்ஸ் தயாரிப்பு. இரண்டும் த்ராஷ் என்ற அதிவேக மெட்டலின் உச்சங்கள், மறுப்பில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அவற்றை அமெரிக்காவின் ஏதோ ஒரு நகரத்துப் பேண்ட் வாசித்தது என்று சொன்னாலும் நம்பிவிடலாம். அந்த வேகத்தில் இகோரின் கைகளுக்கு வேறெதற்கும் நேரமில்லை. ஸ்நேர், கிக் என்ற இரண்டு டிரம்களும் மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கும், கிட்டார் அதன்மேல் ஏறி ஓடும். தாளத்துக்கு நடுவே மூச்சுவிட இடமே கிடையாது.

அந்த இடம் கிடைத்தது 1993-ல், 'கேயாஸ் ஏ.டி.' ஆல்பத்தில். என்னைக் கேட்டால் செபுல்டுராவின் வாழ்க்கையில் மிகப் பெரிய முடிவு இதுதான்: வேகத்தைக் குறைத்தார்கள். சொல்ல எளிது. த்ராஷ் பேண்ட் வேகத்தைக் குறைத்தால் 'விலைபோய்விட்டான்' என்று ஏசிய காலம் அது. மெட்டாலிகா 1991-ல் வாங்கிக் கட்டிக்கொண்டதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆனால் மெட்டாலிகா வேகத்தைக் குறைத்தபோது அந்த இடத்தை மெட்டு எடுத்துக்கொண்டது. செபுல்டுராவில் அதை டிரம்ஸ் எடுத்துக்கொண்டது.

'ரெஃபியூஸ் ரெஸிஸ்ட்' பாடலின் தொடக்கத்தைக் கேளுங்கள். அப்போது பிறக்காமலிருந்த மேக்ஸின் மகனுடைய இதயத்துடிப்பு முதலில் கேட்கும். அதைத் தொடர்ந்து இகோர் நுழைகிறார். பெரிய டாம்-டாம்கள் ஒரு தெரு ஊர்வலம் போல உருண்டு வரும், கிட்டார் அதற்குப் பின்னால்தான் வரும். சாம்பாவில் சுர்தோ என்ற பெரிய முரசு இருக்கிறது. அதன் கனமான அடி இரண்டாவது தட்டில் விழும். ராக் இசைக்குப் பழகிய காது முதல் தட்டில் எதிர்பார்க்கிற கனம் கொஞ்சம் தள்ளி வந்து விழும்போது உடம்பு தானாக அசையும். இகோர் சாம்பாவை அப்படியே எடுத்து வாசிக்கவில்லை. அந்தத் தள்ளி விழும் கனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். ரிஃப் எனப்படும், திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளும் அதற்கேற்ப ஒன்றிரண்டு ஸ்வரமாகச் சுருங்கி, ஏறக்குறைய இன்னொரு மேளம் மாதிரி ஆகிவிட்டன. மேக்ஸ் கிட்டாரில் நாலு தந்திதான் வைத்திருப்பார். மேல் ஸ்தாயித் தந்தி இரண்டும் அவருக்குத் தேவையே படவில்லை. அதைச் சோம்பேறித்தனம் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. மேளம் வாசிக்கிறவருக்கு ஆறு தந்தி எதற்கு?

அதே ஆல்பத்தில் 'கயோவாஸ்' என்று ஒரு பாட்டு. பாட்டு என்பதைவிட வாத்திய இசை. மின்கிட்டாரே கிடையாது, வெறும் மரக் கிட்டார்களும் முரசுகளும். தங்கள் நிலத்தை அரசு எடுத்துக்கொள்வதை எதிர்த்து உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிந்த கயோவா பழங்குடி மக்களை நினைத்து உருவாக்கியது. பதிவு நடந்த இடமோ வேல்ஸ் நாட்டில் செப்ஸ்டோ கோட்டை இடிபாடுகளுக்குள். பிரேசில் காட்டு மக்களுக்கான இசையை பிரிட்டனின் பழங்கோட்டைக்குள் பதிவு செய்தது வேடிக்கைதான். ஆனாலும் ஒரு வார்த்தை, கிட்டாரைக் கரகரக்க வைக்கும் ஒரு டிஸ்டார்ஷன் இல்லாமல் இவ்வளவு கோபத்தைக் கடத்திய இன்னொரு மெட்டல் பதிவு எனக்குத் தெரியாது. 'மேனிஃபெஸ்ட்' பாடலில் அந்தக் கோபத்துக்கு வார்த்தையும் கிடைத்துவிடுகிறது. 1992 அக்டோபரில் சாவோ பாவ்லோவின் கராந்திரு சிறைக்குள் போலீஸ் புகுந்து 111 கைதிகள் செத்த சம்பவம் அது. சாத்தானைப் பற்றிப் பாடிய பையன்கள் ஏழே வருடத்தில் சொந்த நாட்டின் செய்தித்தாளைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சரி, 'ரூட்ஸ்'. 1996 பிப்ரவரி. உலக இசை, மெட்டல் என்ற இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்போதெல்லாம் எல்லோரும் கை காட்டுகிற ஆல்பம். அட்டையில் பிரேசிலின் பழைய 1000 குருசேரோ நோட்டில் இருந்த பழங்குடி முகம். கலிஃபோர்னியாவின் மாலிபுவில் இண்டிகோ ராஞ்ச் ஸ்டுடியோ, தயாரிப்பாளர் ராஸ் ராபின்சன். அதற்கு முன்பு அதே ஸ்டுடியோவில் கார்ன் பேண்டின் முதல் ஆல்பத்தை உருவாக்கியவர் அவர். அந்த வாடை 'ரூட்ஸ்' முழுக்க அடிக்கும். கார்னின் ஜோனதன் டேவிஸே ஒரு பாட்டில் வந்து பாடியிருக்கிறார்.

என் கருத்து பலருக்குப் பிடிக்காது. 'ரூட்ஸ்' நல்ல ஆல்பம்தான், ஆனால் கலவை என்ற வகையில் 'கேயாஸ் ஏ.டி.'யை விட ஒரு படி கீழே. அதில் எல்லோரும் வியக்கிற 'இட்சாரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 நவம்பரில் பேண்ட் மாத்தோ குரோசோ மாநிலத்தில் ஷவாந்தே மக்களின் கிராமத்துக்கே போய், அவர்கள் சம்மதத்தோடு, அவர்களோடு உட்கார்ந்து பதிவு செய்தது. எங்கோ கிடைத்த ஒலித்துண்டைத் திருடி ஒட்டும் பழக்கத்தோடு ஒப்பிட்டால் இது ஆயிரம் மடங்கு மரியாதையான வேலை. ஷவாந்தேக்களின் குரல்கள் மிக அழகு. ஆனால் செபுல்டுராவின் கிட்டார் அங்கே விருந்துக்கு வந்துவிட்டு வாசலிலேயே கூச்சத்தோடு நிற்கிற ஆள் மாதிரி இருக்கிறது. இரண்டு இசையும் பக்கத்தில் பக்கத்தில் ஒலிக்கின்றன, ஒன்றால் மற்றொன்று மாறவில்லை. அந்தப் பதிவை ஷவாந்தே இசையாகக் கேட்டால் எனக்கு நிறைவு. மெட்டல் இசையாகக் கேட்கச் சொன்னால் அதில் மெட்டல் எங்கே என்று கேட்பேன்.

அதே ஆல்பத்தில் 'ராட்டமஹாட்டா' அப்படியல்ல. பஹியா மாநிலத்தின் தாள வித்தகர் கார்லின்யோஸ் பிரவுன் வந்து இகோரோடு மோதுகிறார். இருவரும் ஒருவர் தாளத்தில் மற்றவர் கைவைத்து மாற்றிக்கொண்டே போவது கேட்கும். கத்தலும் போர்த்துகீசிய மொழியில்தான். அடிமைகளை விடுவித்துப் போராடிய சும்பியும், வடகிழக்குப் பிரேசிலின் கொள்ளைக்காரன் லாம்பியாவும், பேய்ப்படப் பாத்திரமான சே தொ கைஷாவும் ஒரே மூச்சில் வந்து போவார்கள். இகோர் மட்டும் இல்லாமலிருந்தால் இந்தப் பாட்டு வெறும் விருந்தினர் நிகழ்ச்சியாக முடிந்திருக்கும். (அதே 1996-ல் சாவோ பாவ்லோவின் ஆங்ரா பேண்ட் 'ஹோலி லேண்ட்' ஆல்பத்தில் பிரேசில் தாளங்களை பவர் மெட்டலோடு சேர்த்தது. அழகான ஆல்பம். ஆனால் அங்கே பாட்டு முதலில் கட்டப்பட்டு, தாளம் அலங்காரமாக மேலே வைக்கப்பட்டது போல எனக்குக் கேட்கும். ஆங்ரா ரசிகர்கள் அடிக்க வரலாம்.)

அப்புறம் அந்த ஆண்டு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சோகம். ஆகஸ்டில் மேக்ஸின் வளர்ப்பு மகன் மரணம், மேலாளராக இருந்த மேக்ஸின் மனைவி குளோரியாவைப் பற்றிய தகராறு, டிசம்பர் 16 அன்று லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமியில் கடைசிக் கச்சேரி. மேக்ஸ் போய் சோல்ஃப்ளை என்ற புதிய பேண்டைத் தொடங்கினார். யார் பக்கம் நியாயம் என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை.

பாடகர் போனார், தாளம் போகவில்லை. இதைத்தான் முதல் கட்சிக்காரர்கள் கேட்க மறுக்கிறார்கள். 1998-ன் 'அகெய்ன்ஸ்ட்' ஆல்பத்தில் ஜப்பானின் கோடோ முரசுக் குழுவோடு 'கமாயிடாச்சி' என்று ஒரு பதிவு இருக்கிறது. தைக்கோ முரசுகளும் இகோரும். 'இட்சாரி'யில் கிடைக்காத உரசல் அதில் கிடைக்கிறது, ஏனென்றால் இரண்டு பக்கமும் முரசு. ஆல்பத்தின் மற்றப் பாடல்கள் சுமார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறுபக்கம் மேக்ஸ், சோல்ஃப்ளையின் முதல் ஆல்பத்திலேயே பிரேசில் பாடகர் ஜோர்ஜெ பென்னின் 'உம்பாபராவுமா'வைப் பாடினார், பிறகு பெரிம்பாவ் என்ற ஒற்றைத் தந்தி பிரேசில் வாத்தியத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். நல்ல ஆர்வம். ஆனால் இகோரின் கை இல்லாத குறை அந்தப் பதிவுகளில் எனக்கு எப்போதும் கேட்கும். வாத்தியம் வந்துவிட்டது, ரிஃப் மட்டும் வழக்கமான ரிஃப்.

என் கணக்கில் நிஜமான பிரிவு 2006. 'டான்டே XXI' ஆல்பத்துக்குப் பிறகு இகோர் வெளியேறினார். பத்து ஸ்டுடியோ ஆல்பங்கள் முடிந்திருந்தன. அடுத்து வந்த ஜான் டொலபெல்லா திறமைசாலி, இரண்டு ஆல்பங்கள் வாசித்தார், ஆனால் பேண்ட் அப்போது நேரான கனமான மெட்டலுக்குத் திரும்பியிருந்தது. பிரான்ஸின் லே தாம்பூர் து பிராங்க்ஸ் குழுவை, எண்ணெய்ப் பீப்பாய்களை அடிப்பவர்கள், 2011-ல் ராக் இன் ரியோ மேடைக்கு அழைத்துவந்தது வேடிக்கையான பிரமாண்டம். அங்கேயும் தாளத்தை வெளியிலிருந்து கூப்பிடவேண்டி இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

2011-ல் வந்த டிரம்மர் எலாய் கசாகிராண்டே காலத்தில்தான் மறுபடி உள்ளுக்குள்ளேயே தாளம் பிறந்தது. 2013 ஆல்பத்தில் ரெசிஃபே நகரத்து சிகோ சயன்ஸ், நசாவ் சும்பி குழுவின் 'த லாமா ஆவ் கவோஸ்' பாடலை எடுத்து வாசித்தார்கள். வடகிழக்குப் பிரேசிலின் மரக்கத்து முரசையும் ராக்கையும் கலந்த அந்தக் குழுவின் பாட்டு செபுல்டுராவின் கையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பாட்டு போலவே பொருந்துகிறது. 2017-ன் 'மெஷீன் மெசையா'வில் துனீசிய வயலின்கள் வருகின்றன. 2020-ன் 'குவாட்ரா'வில் மரக் கிட்டாரும் கோரஸும் அமேசான் காட்டுக்காகக் குரல் கொடுக்கும் 'கார்டியன்ஸ் ஆஃப் எர்த்' இருக்கிறது. மேக்ஸ் இல்லாததால் 'குவாட்ரா'வைக் கேட்கவே மாட்டேன் என்பவர்களிடம் நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. கேட்காவிட்டால் போகட்டும்.

2023 டிசம்பரில் விடைபெறும் சுற்றுப்பயணத்தை அறிவித்தார்கள். பயணம் 2024 மார்ச்சில் பெலோ ஒரிசாண்டேயில் தொடங்கச் சில நாட்கள் இருந்தபோது எலாய் விலகி அமெரிக்காவின் ஸ்லிப்நாட் பேண்டுக்குப் போய்விட்டார். இடத்தைப் பிடித்தவர் கிரேசன் நெக்ருட்மன், ஜாஸ் வாசிப்பால் பெயர் பெற்ற அமெரிக்க இளைஞர். அந்தச் செய்தி வந்தபோது இணையம் முழுக்க 'பாடகர் மேக்ஸ் திரும்புவாரா' என்றே பேச்சு. நான் கவலைப்பட்டது வேறு. சாம்பாவோடு வளராத ஒரு கைக்கு அந்தத் தள்ளி விழும் அடி வருமா? பதிவுகளில் பார்த்தவரை வேகப் பாடல்களில் அவர் பிரமாதம். 'கேயாஸ் ஏ.டி.' ஆல்பத்தின் 'டெரிட்டரி'யில் கொஞ்சம் அதிகமாகவே நகாசு வேலை செய்கிறார், எனக்கு இகோரின் முரட்டு எளிமைதான் பிடிக்கும். 'கயோவாஸ்' வரும்போது மட்டும் அந்தக் கேள்வி எழுவதில்லை. மற்ற பேண்ட் ஆட்களையும் மேடைக்கு ஏற்றி ஆளுக்கொரு முரசைக் கொடுத்துவிடுகிறார்கள், டெரிக் கிரீனும் பாட்டை விட்டுவிட்டு அவர்களோடு நின்று அடிக்கிறார்.