வலை வேண்டாம், துணிப்பை போதும்

கிளி, அணில், வௌவாலிடமிருந்து பழத்தைக் காக்க கொய்யா மரம் முழுவதையும் நைலான் வலையால் மூடிவிடுங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மதுரை அருகே நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம். மூன்றாம் நாள் காலை ஒரு வௌவால் இறக்கை சிக்கித் தொங்கியது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டி விடுவிக்க அரை மணி நேரம் ஆனது. அன்றே வலையைக் கழற்றிவிட்டோம்.

இப்போது பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த சின்னப் பைகள்தான். கைக்கு எட்டும் காய்களுக்கு மட்டும் கட்டுவோம். உச்சிக் கிளை கிளிக்கும் அணிலுக்கும். கிளி மேல்தான் எனக்குக் கொஞ்சம் கோபம். பிஞ்சைக் கடித்துவிட்டுப் பாதியில் போட்டுவிடும். கொண்டைக்குருவி அப்படியில்லை, பழுத்ததைத்தான் தேடும், நடுவில் புழுவையும் பிடித்துத் தின்னும். சப்போட்டாவை முற்றியதும் பறித்து அரிசிப் பானையில் வைத்தால் பழுத்துவிடும், அதில் யாரோடும் சண்டையே இல்லை.

வௌவால் பெரும்பாலும் பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போய், சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். எங்கள் வேப்பமரத்தடியில் தினமும் அதைக் கூட்டுவது என் வேலை. வேலிப் பக்கம் தானாக முளைத்த நாவல் கன்று வௌவால்கள் போட்ட விதையாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஒன்று: அணில் கடித்த பழம்தான் இனிக்கும் என்று சின்ன வயதில் தின்றோம். இப்போது வௌவால் கடித்த பழத்தால் பரவக்கூடிய நிபா வைரஸ் பயம் இருக்கிறது. எது கடித்தது என்று தெரியாததால் கடிபட்டதை எல்லாம் உரக்குழியில் போட்டுவிடுகிறோம்.