மதிப்புறு முனைவர் பட்டமும் என் பழைய வயிற்றெரிச்சலும்

பட்டமளிப்பு விழா சமயம் வந்தாலே என் டைம்லைனில் ஒரே சண்டைதான். யாரோ ஒரு நடிகருக்கோ அமைச்சருக்கோ தொழிலதிபருக்கோ கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்திருப்பார்கள், அங்கியும் குல்லாவுமாக அவர் சிரிக்கிற படம் வரும், கீழே ஒரு கூட்டம் "வாழ்த்துகள் டாக்டர்" என்றும் இன்னொரு கூட்டம் "கஷ்டப்பட்டுப் படித்த நாங்களெல்லாம் இளிச்சவாயர்களா" என்றும் எழுதிக்கொண்டிருக்கும். இரண்டாவது கூட்டத்தில் நானும் ரொம்ப நாள் இருந்தவன். ஏழு வருஷம் ஆய்வு செய்து, கைடு சொன்ன திருத்தத்தையெல்லாம் போட்டு, போட்டதை மறுபடியும் பழையபடியே மாற்றச் சொன்னபோது மாற்றி, வைவா என்ற வாய்மொழித் தேர்வின் தேதிக்காக எட்டு மாதம் காத்துக் கிடந்து பட்டம் வாங்கியவனுக்கு, ஒரு சால்வையும் ஒரு பாராட்டுரையும் அதே எழுத்துகளை வாங்கித் தந்துவிடுகிறது என்றால் வயிறு எரியத்தானே செய்யும்?

இப்போது எரிவதில்லை. அதாவது, எல்லாருக்கும் எரிவதில்லை. சிலருக்குக் கொடுக்கும்போது இன்னும் எரிகிறது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இது என்ன பட்டம்? லத்தீனில் 'ஹானரிஸ் காஸா' என்பார்கள், மரியாதையின் பொருட்டு என்று பொருள். வகுப்பு, தங்கிப் படிக்கும் காலம், தேர்வு, ஆய்வேடு எல்லாவற்றிலிருந்தும் ஒருவருக்கு விலக்குக் கொடுத்து நேராகப் பட்டத்தை மட்டும் நீட்டுவது. ஆக்ஸ்ஃபோர்டில் இது தொடங்கிய கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். 1470களின் கடைசியில் லயனல் வுட்வில் என்பவருக்குக் கொடுத்ததுதான் அங்கே பதிவாகியிருக்கும் முதல் மதிப்புறு பட்டம். அவர் என்ன சாதித்தார் என்று கேட்காதீர்கள். இங்கிலாந்து ராஜாவின் மைத்துனர். நான்காம் எட்வர்டின் மனைவியுடைய தம்பி. செல்வாக்குள்ள ஆளைக் கையில் போட்டுக்கொள்ளத்தான் கொடுத்தார்கள், கொடுத்த கையோடு பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் ஆக்கிக்கொண்டார்கள். ஆக, "இந்தக் காலத்தில்தான் இதெல்லாம் கெட்டுப்போய்விட்டது, அந்தக் காலத்தில் தகுதி பார்த்துக் கொடுத்தார்கள்" என்று யாராவது புலம்பினால் நம்பாதீர்கள். பிறக்கும்போதே இது காக்கா பிடிக்கத்தான் பிறந்திருக்கிறது.

ஆனால் அதே ஆக்ஸ்ஃபோர்டில் 1832-ல் நடந்த ஒன்றுதான் என் மனதை மாற்றியது. அந்த வருஷம் அறிவியலாளர்களின் பெரிய கூட்டம் ஒன்று அங்கே நடந்தபோது நான்கு பேருக்கு மதிப்புறு பட்டம் கொடுத்தார்கள். அதில் ஒருவர் ஜான் டால்டன், அணுக்கொள்கை டால்டன்தான், பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இன்னொருவர் மைக்கேல் ஃபாரடே. டால்டன் நெசவாளியின் மகன், பன்னிரண்டு வயதிலேயே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போனவர். ஃபாரடே கொல்லர் மகன், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகியவர், பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே மின்சாரத்துக்குள் நுழைந்தவர். இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. எனக்கு ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது என்னவென்றால், இந்த இரண்டு பேரும் அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர நினைத்திருந்தாலும் சேர்ந்திருக்க முடியாது! இங்கிலாந்து திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் அன்றைக்கு அங்கே அட்மிஷன். டால்டன் குவேக்கர், அதாவது போரையும் பகட்டையும் ஒதுக்கிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு; ஃபாரடே சாண்டமேனியன் என்ற சின்னஞ்சிறு பிரிவைச் சேர்ந்தவர். இரண்டுமே இங்கிலாந்து திருச்சபைக்கு வெளியே. அந்தக் கையெழுத்து நிபந்தனை மாணவர்களுக்குத் தளர்ந்ததே 1854-ல்தான்.

மாணவனாக உள்ளே விடாத வாசல், டாக்டராக வரச்சொல்லித் திறந்திருக்கிறது. கொடுத்தது என்ன பட்டம் தெரியுமா? சட்ட டாக்டர். வேதியியல்காரருக்கும் மின்சாரக்காரருக்கும் சட்டத்தில் டாக்டர் பட்டம். கொடுக்க அவர்களிடம் வேறு தோதான பட்டம் இல்லை போல.

இந்த டால்டன் கதையில் ஒரு கிளைக்கதை உண்டு, சொல்லாமல் விட மனசு வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவரை அரசர் முன்னால் அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. அரசவை உடையில் வாள் உண்டு, குவேக்கர் வாள் தொடமாட்டார். சரி, ஆக்ஸ்ஃபோர்டு அங்கியைப் போட்டுக்கொண்டு போகட்டும் என்றால் அது பளீர் சிவப்பு, குவேக்கர்களுக்கு அந்த நிறமும் ஆகாது. ஆனால் டால்டனுக்கு நிறக்குருடு, அதைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியவர்களில் அவரும் ஒருவர். அவர் கண்ணுக்கு அந்தச் சிவப்பு இலை நிறம் மாதிரிதான் தெரிந்தது. நிம்மதியாகப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இங்கேதான் எனக்கு ஒன்று விளங்கியது. நல்ல மதிப்புறு பட்டம் என்பது பல்கலைக்கழகம் கட்டுகிற கடன் தவணை. "நாங்கள் உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, உனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை, நீ செய்த வேலையை வைத்துத்தான் இப்போது நாங்கள் பாடம் நடத்துகிறோம்" என்று நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்வது. மரியாதை வாங்குகிறவருக்கு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், மேடையில் தலைகுனிய வேண்டியது கொடுக்கிறவர்தான்.

நம் உ.வே.சா.வை எடுத்துக்கொள்ளுங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பழைய முறையில் பாடம் கேட்டவர், எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டம் வாங்கியவர் கிடையாது. ஊர் ஊராக அலைந்து, செல்லரித்த ஏடுகளைத் தட்டித் துடைத்து, 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார், அப்புறம் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று வரிசையாக. இன்றைக்குத் தமிழ்த் துறை என்று ஒன்று இருக்கிற எந்தக் கல்லூரியிலும் பாடத்திட்டத்தில் பாதி அவர் கையால் தூசு தட்டப்பட்டதுதான். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது 1932-ல். அவருக்கு வயது 77. சிந்தாமணி வந்து 45 வருஷம் ஆகியிருந்தது. இதற்கு யாருக்காவது வயிறு எரியுமா? ஏன் இவ்வளவு தாமதம் என்றுதான் எரியும். நான் அவருடைய பதிப்புகளை அடிக்குறிப்பில் போட்டு முனைவர் ஆனவன், அவர் முன்னால் என் ஏழு வருஷக் கணக்கை எடுத்து நீட்ட எனக்கு வாய் வராது.

தாகூருக்கும் இதே தாமதம்தான். ஆக்ஸ்ஃபோர்டு 1940 ஆகஸ்டில் கொடுத்தது, அவருக்கு அப்போது 79 வயது, பயணம் செய்யும் உடல்நிலை இல்லை. அதனால் பல்கலைக்கழகமே சாந்திநிகேதனுக்கு வந்தது. அவர்கள் லத்தீனில் வாசிக்க, இவர் சமஸ்கிருதத்தில் பதில் சொன்னார். எனக்கு ரொம்பப் பிடித்த மேடை அது. உன் மொழி எனக்குப் புரியாவிட்டால் என் மொழி உனக்குப் புரியாமலே இருக்கட்டும்!

கடனை ஒத்துக்கொள்ள மறுத்த கதைகளும் உண்டு. மேரி கியூரி 1921-ல் அமெரிக்கா போனபோது வரிசையாகப் பல்கலைக்கழகங்கள் பட்டம் கொடுத்தன, யேல் கொடுத்தது, ஹார்வர்டு இயற்பியல் துறை மட்டும் கைவிரித்துவிட்டது. இரண்டு நோபல் பரிசு வாங்கிய ஒருவருக்கு. அதே ஹார்வர்டு 1753-லேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு மதிப்புறு பட்டம் கொடுத்திருக்கிறது, அவரும் பத்து வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்தான். ஒரு பெண்ணுக்குக் கொடுக்க அங்கே 1955 வரை ஆகியிருக்கிறது, ஹெலன் கெல்லருக்கு. அவர் ஹார்வர்டின் பக்கத்திலேயே இருந்த ராட்கிளிஃப் பெண்கள் கல்லூரியில் 1904-ல் பட்டம் முடித்தவர், ஹார்வர்டு பேராசிரியர்கள்தான் அங்கே வந்து பாடம் நடத்தினார்கள். பாடம் அவர்களுடையது, பட்டம் மட்டும் அவர்களுடையது இல்லை. 51 வருஷம் கழித்து மரியாதைக்காகக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள்.

சரி, எரிகிற பக்கத்துக்கு வருவோம்.

பதவியில் இருக்கிறவருக்குக் கொடுப்பதை என்னால் எந்த விதத்திலும் ஏற்க முடியவில்லை. அவர் உண்மையிலேயே நல்லவராக இருக்கலாம், பெரிய வேலை செய்தவராக இருக்கலாம், எனக்கு அதில் தகராறு இல்லை. பட்ஜெட்டில் கையெழுத்துப் போடுகிறவருக்கு, அந்த பட்ஜெட்டில் சம்பளம் வாங்குகிறவர்கள் பட்டம் கொடுத்தால் அது மரியாதையா மனுவா என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? பதவி போகட்டும், ஐந்து வருஷம் கழியட்டும், அப்போதும் கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள். நிறைய பேருக்குத் தோன்றாது என்பது என் ஊகம்.

1985-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர்கள் அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு வேண்டாம் என்று வாக்களித்தார்கள். 738 பேர் எதிர்ப்பு, 319 பேர் ஆதரவு. போருக்குப் பிறகு அங்கே படித்துப் பிரதமரானவர்களுக்கெல்லாம் வழக்கமாகக் கொடுத்துவந்த பட்டம் அது, அவரும் அங்கே வேதியியல் படித்தவர். கல்விக்கான நிதியை வெட்டினார் என்ற கோபம் அவர்களுக்கு. வன்மம் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த முடிவைவிட, பட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்று ஆயிரம் பேருக்கு மேல் வாக்களித்து முடிவெடுத்ததுதான் ஆச்சரியம். பல இடங்களில் துணைவேந்தர் அறையில் நாலு பேர் டீ குடித்து முடிப்பதற்குள் பெயர் முடிவாகிவிடுகிறது, பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுக்களான செனட்டும் சிண்டிகேட்டும் அப்புறம் தலையாட்டுகிற இடங்கள்.

அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டு முழிப்பது இன்னொரு ரகம். ஜிம்பாப்வேயை ஆண்ட ராபர்ட் முகாபேவுக்கு எடின்பரோ பல்கலைக்கழகம் 1984-ல் கொடுத்த பட்டத்தை, அவருடைய ஆட்சியின் மனித உரிமை மீறல்களுக்காக 2007-ல் திரும்பப் பெற்றது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் 1986-ல் கொடுத்ததை 2008-ல் பிடுங்கியது. இதில் விசித்திரம் என்னவென்றால் முகாபே சிறையில் இருந்தபடியே தபால் வழியில் படித்துப் பல பட்டங்கள் வாங்கியவர். அதை யாராலும் பறிக்க முடியவில்லை, ஏனென்றால் பரீட்சை எழுதி வாங்கியது. ஒழுக்கம் சரியில்லை என்று என் ஆய்வேட்டைத் திருப்பி வாங்க முடியாது, மதிப்புறு பட்டத்தை முடியும். ஏழு வருஷத்துக்கு அந்த ஆறுதலாவது மிச்சம்.

இந்த வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிய இடங்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) மதிப்புறு பட்டம் கொடுப்பதில்லை, ஸ்டான்ஃபோர்டும் அப்படித்தான். எம்ஐடியை நிறுவிய வில்லியம் ராஜர்ஸ் இந்த வழக்கத்தை ஒருவகைப் பிச்சையிடல் என்றே நினைத்தார். கறாரான நிலைப்பாடு, மரியாதைக்குரியதுதான். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. அமைச்சருக்குக் கொடுக்கவேண்டிய தர்மசங்கடத்திலிருந்து தப்பிக்கிறார்கள், சரி, ஆனால் ஒரு ஃபாரடே வந்து நின்றாலும் கொடுக்க வழி இல்லையே.

அப்புறம் அந்த 'டாக்டர்'. மதிப்புறு பட்டம் வாங்கியவர்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளக்கூடாது என்பதுதான் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் மரபு. உ.வே.சா.வை நாம் டாக்டர் என்கிறோம், அப்துல் கலாமையும் டாக்டர் என்கிறோம், கலாம் ஆய்வேடு எழுதி முனைவர் ஆனவர் இல்லை, எல்லாம் மதிப்புறு பட்டங்கள்தான். அவர்களை ஊர் அப்படிக் கூப்பிட்டது, அது வேறு. தானே லெட்டர்பேட் அடித்து, கார் கண்ணாடியில் ஒட்டி, மேடையில் யாராவது டாக்டர் போடாமல் அழைத்தால் முகம் சுளிக்கிறவர்களைத்தான் சொல்கிறேன். மார்க் ட்வைன் 1907-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் வாங்கிய அங்கியை மகள் கல்யாணத்துக்கே போட்டுக்கொண்டு போனார். அந்தக் குஷி எனக்குப் பிடிக்கும். குழந்தை புதுச்சட்டை போட்டுக்கொள்கிற மாதிரி. பெயர்ப்பலகையில் ஏறும்போதுதான் கசக்கிறது.

போன மாதம் எனக்கே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பெயரே கேள்விப்படாத ஒரு 'சர்வதேச' அமைப்பு, என் "சமூகச் சேவையைப் பாராட்டி" கௌரவ டாக்டர் பட்டம் தர முடிவு செய்திருக்கிறதாம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதுமாம், அங்கி வாடகை தனி. நான் எந்தச் சேவையும் செய்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஏற்கெனவே ஒரு டாக்டர் பட்டம் இருக்கிறதே என்று பதில் போட்டேன். "இருக்கட்டும் சார், இதையும் வெச்சுக்கோங்க" என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இவ்வளவு எழுதியும் எனக்குத் தீராத ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் பெயர்ப் பட்டியல் எங்கிருந்து வருகிறது? யாராவது ஒருவர் பரிந்துரைக்க வேண்டும், அதற்கு ஒரு தன்விவரக் குறிப்பு வேண்டும், விருதுகள், பதவிகள், வெளியீடுகள் என்று நிரப்ப வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பத் தெரிந்தவருக்கும் நிரப்ப ஆள் வைத்திருப்பவருக்கும்தான் பெயர் மேலே போகிறது. ஏற்கெனவே எல்லாம் கிடைத்தவருக்கே இன்னொன்றும் கிடைப்பது இப்படித்தான். ஒரு பல்கலைக்கழகத்தில் இப்படியொரு குழுவில் உட்கார்ந்திருந்த என் நண்பரிடம் ஒருமுறை கேட்டேன், நாற்பது வருஷமாக ஒரு வட்டார வழக்கின் சொற்களைத் தனியாளாகச் சேகரித்துக்கொண்டிருக்கும், பள்ளிப் படிப்பைத் தாண்டாத ஒரு பெரியவரின் பெயரை ஏன் யாரும் வைக்கவில்லை என்று. நண்பரே அந்தச் சொல்தொகுப்பைத் தன் இரண்டு கட்டுரைகளில் பயன்படுத்தியிருக்கிறார், மேற்கோளும் காட்டியிருக்கிறார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் சிவி அனுப்பலையேப்பா" என்றார்.