செய்யாத தப்புக்கு ஃபைன் கட்டாதீர்கள்

"ஆயிரம் ரூபாய்தானே, கட்டிட்டு வேலையைப் பாரு." டிராஃபிக் சலான் வந்த யாருக்கும் நம் ஊரில் முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வருகிறது.

தப்பு செய்திருந்தால் கட்டத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. 2022-இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்திருக்கிறார்கள். ஹெல்மெட் போடாததற்கு ஃபைன் போடுவதே அராஜகம் என்று பேசுகிறவர்கள் பக்கம் நான் இல்லை. சிக்னலைத் தாண்டிவிட்டு, "கோர்ட்டுக்குப் போனால் போலீஸ் வராது, தப்பிச்சுக்கலாம்" என்று ஐடியா கொடுக்கிறவர்கள் பக்கமும் இல்லை. நான் சொல்வது செய்யாத தப்புக்கு வருகிற சலானைப் பற்றி மட்டும்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடும் அண்ணனுக்கு ஒரு நாள் போனில் மெசேஜ் வந்தது. ஹெல்மெட் இல்லை, ஆயிரம் ரூபாய். இடம், அவர் போயே இராத பக்கத்து மாவட்டத்து ஊர். சலானில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பைக்கில் இரண்டு இளவட்டங்கள், இரண்டு பேர் தலையிலும் ஒன்றும் இல்லை. அண்ணனிடம் இருப்பது டிவிஎஸ் எக்ஸெல். படத்தில் நம்பர் பிளேட்டின் கடைசி எண் மூன்றா எட்டா என்று சொல்ல முடியாதபடி மங்கல். யாரோ அதை எட்டு என்று படித்துவிட்டார்கள், அண்ணன் வண்டி மாட்டிக்கொண்டது.

ஒரு கேனுக்கு அவருக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் நிற்கும். ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை மாடி ஏறி இறங்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆன்லைனில் புகார் கொடுத்தோம், பதில் இல்லை. கட்டாமல் விட்டதில் கேஸ், சலான்களை இணையத்திலேயே முடிக்கும் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போனது. அந்த இணையதளத்தில் இரண்டு வழி இருக்கும்: அபராதத்தைக் கட்டலாம், இல்லாவிட்டால் வழக்கை எதிர்க்கலாம். எதிர்க்கிறேன் என்று அழுத்தினால் கேஸ் வழக்கமான கோர்ட்டுக்கு மாறிவிடும். எந்த ஊர் கோர்ட்? சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் ஊர் கோர்ட்! அந்தப் பக்கமே போகாத மனிதர், போகவில்லை என்று சொல்வதற்காக வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும்.

நானும் கூடப் போனேன். காலையிலிருந்து வராந்தாவில் நிற்கிறோம். டவாலி பேர் கூப்பிடக் கூப்பிட, பெரும்பாலானவர்கள் உள்ளே போய் "ஒத்துக்கிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு ஃபைன் கட்டும் இடத்துக்கு நகர்ந்தார்கள். அண்ணன் முறை வந்தது. குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். "இல்லைங்க ஐயா. என்னோடது எக்ஸெல், அந்தப் படத்துல இருக்கறது பைக்" என்று ஆர்.சி. நகலை நீட்டினார். நீதிபதி படத்தையும் ஆர்.சி.யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோர்ட் ஏட்டைக் கூப்பிட்டு, விசாரித்துச் சொல்லுங்கள் என்று வாய்தா போட்டார். அடுத்த வாய்தாவில் நம்பர் தப்பாகப் பதிவாகிவிட்டது என்று போலீஸ் தரப்பே சொன்னது, கேஸ் முடிந்தது. வக்கீல் வைக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 208-ஆவது பிரிவே வக்கீல் மூலமாகவோ நேரிலோ ஆஜராகலாம் என்கிறது.

கேமரா பிடித்ததாக வரும் சலானுக்கு 2021-இல் கொண்டுவந்த விதி ஒன்று இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ. குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம் வேண்டும். தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் வேண்டும். பதினைந்து நாளைக்குள் நோட்டீஸ் வர வேண்டும். கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே போர்டு வைத்திருக்க வேண்டும். சலான் முடியும்வரை பதிவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். இவ்வளவும் எழுதி வைத்திருப்பது, கேட்கிறவனுக்குக் காட்டத்தானே? கேட்கவே ஆள் இல்லாவிட்டால் மங்கலான படத்தை வைத்து சலான் போடுவது பழக்கமாகிவிடும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கட்டியதோடு அது போய்விடுவதில்லை, உங்கள் வண்டிப் பேரில் பதிவாக நிற்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஹெல்மெட் கேஸுக்கு ஆயிரம் ரூபாயோடு மூன்று மாதம் லைசென்ஸுக்கும் தடை போட சட்டத்தில் இடம் இருக்கிறது. போன் பேசிக்கொண்டு ஓட்டியது மாதிரியான 184-ஆவது பிரிவுக் குற்றத்தை மூன்று வருடத்துக்குள் இரண்டாம் முறை செய்தால் அபராதம் பத்தாயிரம். முதல் முறை உங்கள் மேல் தப்பாக ஏறியதை அன்றைக்கே மறுக்காமல் விட்டால், பின்னால் யாரிடம் போய் நிரூபிப்பீர்கள்?

எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான். பணம் கட்டுவதற்கு இரவு பன்னிரண்டு மணிக்குக்கூட ஜிபே இருக்கிறது. மறுப்பதற்கு மட்டும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வெளியூர் போய் நிற்க வேண்டும். கூலிக்காரரும் டெலிவரி தம்பிகளும் அதனால்தான் செய்யாத தப்பையும் ஒத்துக்கொள்கிறார்கள். விர்ச்சுவல் கோர்ட்டில் ஃபைன் வாங்க முடிகிறபோது, படமும் ஆர்.சி.யும் ஒத்துப்போகிறதா என்பதையும் அங்கேயே பார்த்து முடிக்க என்ன தடை? அப்படி முடிக்க முடியாத கேஸுக்கு வீடியோவில் விசாரணை வையுங்கள். கொரோனா காலத்தில் உயர் நீதிமன்றமே அப்படித்தான் நடந்தது.

அதுவரை, லீவு போட்டால் சம்பளம் போகாத நம்மைப் போன்றவர்களாவது கட்டிவிட்டு ஓடாமல் போய் மறுக்க வேண்டும். தெருவில் யாருக்காவது இப்படி வந்தால் கூடப் போங்கள்.

சலான் வந்ததும் முதலில் அந்தப் படத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. நகல், உங்கள் வண்டியின் முன்பக்கம், பின்பக்கம், நம்பர் பிளேட் போட்டோக்கள் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுங்கள். கோர்ட்டுக்குள் போனைக் காட்டி விளக்க நேரம் கிடைக்காது. அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததற்கு பில்லோ வருகைப் பதிவோ இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். எப்படிச் செய்வது என்று தெரியாதவர்கள் கமெண்டில் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.