‘டில்ட்’ சொல்லாமல் விட்ட கதை

2025 ஜூலையில் மைக்கேல் மேட்சன் இறந்தபோது ஆளாளுக்கு அவர் நடித்த சினிமாக்களைப் பற்றி எழுதினார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ‘டில்ட்’தான். 2005 ஜனவரியில் அமெரிக்காவின் ஈஎஸ்பிஎன் சேனலில் ஆரம்பித்து, ஒன்பதே எபிசோடில் மார்ச் மாதம் முடிந்துபோன, போக்கர் என்கிற சீட்டாட்டத்தைப் பற்றிய தொடர். அதில் அவருக்கு டான் எவரெஸ்ட் என்று பெயர், பட்டப்பெயர் மட்டாடோர். அந்தக் கரகர குரலும் தூக்கம் வழிகிற மாதிரியான கண்ணும், எதிரே உட்கார்ந்தவனைப் பார்த்துப் பாதியிலேயே சலித்துப்போகிற அந்தப் பார்வையும்! அந்த வேடத்துக்கு வேறு யாரையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சமீபத்தில் முழுவதையும் மறுபடி பார்த்தேன். மேட்சன் மேல் இருந்த மரியாதை கூடியது. தொடர் மேல் இருந்த பழைய ஆதங்கமும் கூடவே திரும்பி வந்துவிட்டது.

கதை லாஸ் வேகாஸில் நடக்கிறது. மட்டாடோரிடம் தோற்றால்கூடப் பெருமை என்று நினைக்கிற அளவுக்குப் பெரிய ஆட்டக்காரர். ஆனால் மேசையில் அவருடைய ஆட்களும் வெளியூர்க்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கள்ள ஆட்டம் நிஜத்திலும் உண்டு. கூட்டாளிகள் இரண்டு பேர், நடுவில் சிக்கியவன் ஒருவன். ஒருவர் பந்தயத்தை ஏற்றுவார், அடுத்தவர் இன்னும் ஏற்றுவார். நடுவில் இருப்பவன் இருக்கிற காசையெல்லாம் உள்ளே தள்ள வேண்டும், இல்லையென்றால் நல்ல சீட்டையும் கீழே போட்டுவிட்டுப் போக வேண்டும். சீட்டில் எந்த அடையாளமும் தேவையில்லை, கையில் எதையும் ஒளிக்க வேண்டாம். அப்படி மொட்டையடிக்கப்பட்ட எடி, கிளார்க், மயாமி என்ற மூன்று இளைஞர்கள் சேர்ந்து மட்டாடோரைக் கவிழ்க்கப் பார்ப்பதுதான் தொடர். இன்னொரு பக்கம் தம்பியின் சாவுக்குக் கணக்குத் தீர்க்க வந்த ஒருவர். எல்லாம் சேர்ந்து கடைசியில் பழிவாங்கல் கதையாகிவிடுகிறது.

என் சண்டை அதோடுதான். ‘டில்ட்’ என்ற வார்த்தை, குண்டைத் தட்டித் தட்டி ஆடுகிற பின்பால் மெஷினிலிருந்து வந்தது. பந்து நமக்கு வேண்டிய பக்கம் போகவில்லை என்று மெஷினைப் பிடித்து ஆட்டினால் டில்ட் என்று விளக்கு எரியும், அதோடு அந்தப் பந்து போச்சு. போக்கரில், தோற்ற கோபத்தில் புத்தி தடுமாறி ஆடுகிறவனைத் ‘டில்ட் ஆகிட்டான்’ என்பார்கள். இவ்வளவு நல்ல தலைப்பை வைத்துவிட்டு அதன் பக்கமே போகாமல் ஒரு தொடரை எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். எழுதியவர்கள் ஆட்டம் தெரியாதவர்களும் இல்லை. பிரையன் காப்பெல்மனும் டேவிட் லெவியனும் 1998-லேயே போக்கரை வைத்து ஒரு சினிமாவுக்குத் திரைக்கதை எழுதியவர்கள்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் கையில் இரண்டு ஏஸ், எதிராளி கையில் இரண்டு ராஜா. இதைவிட நல்ல நிலைமை அமைவது அபூர்வம், இரண்டு ஏஸ் சேர்ந்து வருவதே 221 கையில் ஒரு தடவைதான். மொத்தக் காசையும் வைக்கிறீர்கள், அதுதான் சரியான ஆட்டமும்கூட. அப்படியும், மேசையில் விரிக்கிற பொதுச் சீட்டுகள் அவன் பக்கம் விழுந்து, ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை கடைசியில் ராஜாக்காரன்தான் ஜெயிப்பான். யாரும் ஏமாற்றவில்லை, நீங்களும் ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனால் காசு போய்விட்டது. போக்கரின் கதையே அதற்கப்புறம் வருகிற அரை மணி நேரம்தான் என்று நான் நினைக்கிறேன். ‘டில்ட்’ என்ன செய்கிறது? தோற்றவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு அயோக்கியனைக் கைகாட்டிவிடுகிறது. ‘நீ தோற்கவில்லைப்பா, உன்னை ஏமாற்றிவிட்டார்கள்.’ சூதில் விட்டவன் எல்லோரும் கேட்க ஆசைப்படுகிற வார்த்தை இது.

சின்ன வயதில் ஒரு கல்யாண மண்டபத்தில், முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, மாடியில் ஜமுக்காளம் விரித்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். முதலில் பதிமூன்று சீட்டையும் விசிறி மாதிரி விரித்து, இனம் பிரித்து, ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்து அழகாக ஆடினார். மூன்று ஆட்டம் வரிசையாகப் போனது. அப்புறம் சீட்டை அடுக்குவதையே விட்டுவிட்டார், எடுக்கிறார், போடுகிறார், ஸ்கூட் விட்டு ஆட்டத்திலிருந்து விலகியிருக்க வேண்டிய கையையும் விடாமல் ஆடுகிறார். “கட்டை மாத்துங்கடா, இந்தக் கட்டு சரியில்லை” என்றார். பெரியம்மா படியேறி வந்து கூப்பிட்டதும், “நீ போ, விட்டதைப் பிடிச்சிட்டு வர்றேன்” என்றார். யாரும் அவரை ஏமாற்றவில்லை, ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோருமே எங்கள் மச்சான், மாமன்கள்தான். டில்ட் என்ற வார்த்தையைப் பிற்பாடு கேள்விப்பட்டபோது எனக்குக் கண்ணில் வந்தது அடுக்காமல் பிடித்திருந்த அந்தச் சீட்டுகள்தான்.

சரி, சும்மா உட்கார்ந்து சீட்டாடுவதை வைத்து எப்படி நாடகம் எடுக்க முடியும் என்று கேட்கலாம். அதே ஈஎஸ்பிஎன் அதைச் செய்து காட்டியிருக்கிறதே. 2003 உலகப் போக்கர் போட்டி, வேகாஸில் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற சூதாட்ட விடுதி, 839 பேர் ஆடியதில் கடைசியாக இரண்டு பேர். ஒருவர் சாமி ஃபர்ஹா, கையில் பற்ற வைக்காத சிகரெட். இன்னொருவர் டென்னசியில் கணக்காளராக வேலை பார்த்த கிறிஸ் மணிமேக்கர், நிஜப் பெயரே அதுதான். மேசையில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஸ்பேட் ஒன்பது, டைமன் இரண்டு, ஸ்பேட் ஆறு, ஸ்பேட் எட்டு, ஆர்ட்டின் மூன்று. மணிமேக்கர் கையில் ஒரு ராஜாவும் ஏழும், ஒரு ஜோடிகூடச் சேரவில்லை. ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி. மணிமேக்கர் இருந்த எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டுக் கறுப்புக் கண்ணாடியோடு சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். சின்ன கேமரா வைத்து இரண்டு பேர் சீட்டையும் நமக்குக் காட்டிவிடுகிறார்கள், அதனால் அது வெறும் கை என்று நமக்குத் தெரியும், ஃபர்ஹாவுக்குத் தெரியாது. கலர் (ஐந்து சீட்டும் ஒரே இனம்) சேரவில்லை போலிருக்கிறதே என்று வாய்விட்டுச் சொல்கிறார், சரியாகத்தான் சொல்கிறார், சொல்லிவிட்டுச் சீட்டைக் கீழே போட்டுவிடுகிறார்! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் மூச்சு நின்று வரும். மணிமேக்கர் ஜெயித்தது 25 லட்சம் டாலர். அடுத்த வருடம் ஆட வந்தவர்கள் 2,576 பேர், ‘டில்ட்’ வந்த 2005-இல் 5,619 பேர். ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருப்பதை டிவியில் பார்த்துவிட்டும் இத்தனை பேர் ஆட வந்தார்கள். அவர்களுக்காகத் தொடர் எடுக்கும்போது அந்த அமைதியை நம்பியிருக்கலாம்.

கொலையும் கூட்டுச்சதியும் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இல்லை, நிஜத்தில் ஸ்டூ அங்கர் இருந்தார். 1980, 1981, அப்புறம் 1997 என மூன்று முறை அதே உலகப் போக்கர் பட்டத்தை வென்றவர். ஜெயித்ததையெல்லாம் பந்தயத்திலும் போதையிலும் விட்டார். 1997-இல் நுழைவுக் கட்டணம் 10,000 டாலரை இன்னொருவர்தான் கட்டினார், அங்கர் பத்து லட்சம் டாலர் ஜெயித்தார், அடுத்த வருடம் நவம்பரில் 45 வயதில் வேகாஸில் ஒரு மோட்டல் அறையில் இறந்து கிடந்தார். 1990-இல் நடந்ததுதான் என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. போட்டியின் மூன்றாம் நாள் அவர் ஆட வரவில்லை. போதை மிஞ்சி ஓட்டல் அறையில் தரையில் கிடந்தார். அதுவரை ஜெயித்த சிப்ஸ், அதாவது காசுக்குப் பதில் வைக்கிற வில்லைகள், அவர் இடத்தில் குவிந்து கிடக்கிறது. ஆள் இல்லாவிட்டாலும் சீட்டுப் போட்டுத்தான் ஆக வேண்டும், முறை வரும்போது பிளைண்ட் என்கிற கட்டாயப் பந்தயத்தை அந்தக் குவியலிலிருந்து எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தும் அந்த நாற்காலிக்கு ஒன்பதாவது இடம் கிடைத்தது.

மட்டாடோரை அந்த நாற்காலிக்கு எதிரில் உட்கார வைத்து ஒரே ஒரு எபிசோடு எடுத்திருக்கலாம். மேட்சன் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க வேண்டாம்.