சரியாக எழுதிய பிள்ளைக்குப் புள்ளடி போடாதீர்கள்

நேற்று இரவு கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்த சித்தியின் மகன் நீட்டிய விடைத்தாளைப் பார்த்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. ஜாவா என்ற கணினி மொழியில் ஒப்ஜெக்ட் (தரவுகளைச் சேர்த்து வைத்த பொருள்) ஒரு மெதட்டுக்கு (பெயர் சொல்லிக் கூப்பிடும் கட்டளைத் தொகுதிக்கு) எப்படிப் போகிறது என்பது கேள்வி. "ரெஃபரன்ஸின் பெறுமதி பிரதியாகி உள்ளே போகும்" என்று எழுதியிருக்கிறான் (ரெஃபரன்ஸ் என்பது ஒப்ஜெக்ட் கிடக்கும் இடத்தைக் காட்டும் குறி). சரி. முழுக்கச் சரி! அதன் மேல் சிவப்புப் பேனையால் பெரிய புள்ளடி, பக்கத்தில் "பாஸ் பை ரெஃபரன்ஸ்", அதாவது பிரதி எடுக்காமல் கூப்பிட்டவரின் மாறியே உள்ளே போகிறது என்று திருத்தம், அதன் கீழே இரண்டு கோடு வேறு. அழுத்தின அழுத்தத்தில் தாளின் பின்பக்கம் தடவினாலும் கோடு விரலில் தட்டுப்படுகிறது.

படிப்பிக்கிறவர்களே, இன்னும் எத்தனை வருடத்துக்கு இந்தப் பிழையை டியூட் தாளில் அடித்துக் கொடுப்பீர்கள்? இன்ட், டபிள், பூலியன் என்று அந்த எட்டு அடிப்படைத் தரவு வகையும் பெறுமதியாகப் போகுமாம், ஒப்ஜெக்ட் மட்டும் ரெஃபரன்ஸாகப் போகுமாம். இல்லவே இல்லை. 1996இல் முதல் பதிப்பு வந்ததிலிருந்து ஜாவாவில் இருப்பது பாஸ் பை வல்யூ, அதாவது பெறுமதியைப் பிரதி எடுத்து அனுப்புவது, ஒன்றுதான். ஒப்ஜெக்ட் எங்கேயும் போவதில்லை, ஹீப் என்ற நினைவகப் பகுதியில் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

ஒப்ஜெக்ட்டைத் தோணி என்றும் ரெஃபரன்ஸைக் கயிறு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வாவியில் என் தோணி நிற்கிறது, கயிறு என் கையில். மெதட்டைக் கூப்பிடும்போது அதே தோணியில் இன்னொரு கயிற்றைக் கட்டி உங்கள் கையில் தருகிறேன். உங்கள் கயிற்றைப் பிடித்து இழுத்து மீனை ஏற்றினால் மீன் என் தோணியில்தான் இருக்கும், ஒப்ஜெக்ட்டின் பெயரை மாற்றும் செட்நேம் செய்வது அதைத்தான். ஆனால் உங்கள் கயிற்றை அவிழ்த்து வேறு தோணியில் கட்டினால் என் கயிற்றுக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. மெதட்டுக்குள் அந்த ரெஃபரன்ஸுக்குப் புது ஒப்ஜெக்ட் உண்டாக்கும் 'நியூ' போட்டால் நடப்பது இவ்வளவும்தான்.

அவனுக்கு முன்னாலேயே இரண்டு ஒப்ஜெக்ட்டை வைத்து, ஒன்றுக்கொன்று இடம் மாற்றும் சுவாப் எழுதி ஓடவிட்டேன். உள்ளே பிரின்ட் போட்டால் இடம் மாறியிருக்கிறது, வெளியே வந்து பிரின்ட் போட்டால் பழையபடி. திரும்பவும் ஓடவிட்டேன், திரும்பவும் பழையபடி. ரெஃபரன்ஸாகப் போயிருந்தால், சி ஷார்ப் என்ற இன்னொரு கணினி மொழியில் 'ரெஃப்' போட்டால் மாறுவது போல, வெளியிலும் மாறியிருக்க வேண்டாமா? பத்து வரிகூட இல்லாத கோட் அது. அதை ஒரு தரம் ஓடவிட்டுப் பார்க்காமல் பிள்ளையின் ஐந்து புள்ளியை வெட்டுவது அநியாயம், வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

"அக்கா, அப்ப அடுத்த சோதனைக்கு எதை எழுத?" என்று கேட்டான். உண்மையை எழுது என்றேன். குசினிக்குள் இருந்து சித்தி, "புள்ளி வாற மாதிரி எழுதச் சொல்லு மகள்" என்றா.