யார் நியமித்தார் என்று கேட்கும் முன் தீர்ப்பைப் படியுங்கள்

நேற்று நம் அமெரிக்கத் தமிழர் அரட்டைக் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்று புரியும். ஒரு ஃபெடரல் (மத்திய அரசு நீதிமன்ற) நீதிபதி அரசுக்கு எதிராகப் போட்ட தடை உத்தரவுச் செய்தியை நான் பகிர்ந்த கையோடு, "யார் போட்ட ஜட்ஜ்?" என்று கேள்வி வந்துவிட்டது. தீர்ப்பில் என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எந்த அதிபர் நியமித்தவர் என்று தெரிந்ததும் பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் "அப்புறம் தீர்ப்பு எப்படி வரும்?" என்று முடித்துவிட்டார்கள். விளக்கப் போன எனக்கு "லாயர் மேடம் வந்துட்டாங்க" என்று பட்டம். அது வலித்தது, மறைக்க விரும்பவில்லை.

சரி, அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன். அமெரிக்க ஃபெடரல் நீதிபதியை நியமித்தவர் அவருக்கு முதலாளி இல்லை. அதிபர் பெயரை முன்மொழிகிறார், நாடாளுமன்ற மேலவையான செனட் ஓட்டுப் போட்டு உறுதி செய்கிறது. அத்தோடு அவர்கள் வேலை முடிந்தது. அரசியலமைப்பின் மூன்றாவது பிரிவுப்படி, நன்னடத்தை இருக்கும்வரை பதவி இருக்கும், பதவியில் இருக்கும்வரை சம்பளத்தில் கை வைக்க முடியாது. நீக்க வேண்டுமென்றால் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்ட வேண்டும், செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழ வேண்டும். இருநூறு வருடங்களுக்கும் மேலான வரலாற்றில் சபை அப்படிக் குற்றம் சாட்டிய ஃபெடரல் நீதிபதிகள் 15 பேர். அதில் செனட் நீக்கியது 8 பேரைத்தான். இவ்வளவு கடினமாக வைத்திருப்பதே, நியமித்தவருக்கு எதிராகவும் பயமில்லாமல் தீர்ப்பு எழுத முடியட்டும் என்றுதான்.

எழுதியும் இருக்கிறார்கள். 1974இல் வாட்டர்கேட் ஊழல் விசாரணைக்காக ஒலிநாடாக்களை ஒப்படைக்கச் சொல்லி அதிபர் நிக்சனுக்கு எதிராக 8-0 என்று தீர்ப்பு வந்தது. அதை எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கர், நிக்சனே நியமித்தவர். 2020 தேர்தல் முடிந்ததும் பென்சில்வேனியா முடிவை எதிர்த்த வழக்கின் மேல்முறையீட்டில் ட்ரம்ப் தரப்பில் குற்றச்சாட்டும் தெளிவாக இல்லை, ஆதாரமும் இல்லை என்று எழுதிய ஸ்டெஃபனோஸ் பிபாஸ், ட்ரம்ப் நியமித்தவர். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் பிறந்தாலே குடியுரிமை என்பதைக் கட்டுப்படுத்தும் ட்ரம்ப் உத்தரவுக்கு முதல் தடை போட்ட சியாட்டில் நீதிபதி ஜான் காஃபனோர், ரீகன் நியமித்தவர். ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் பிறக்கப்போகும் குழந்தைகளின் தலையில் கை வைத்த உத்தரவு அது. நம்மில் எத்தனை வீடுகளில் அன்றைக்குத் தூக்கம் போயிருந்தது? அன்று யாரும் "யார் போட்ட ஜட்ஜ்" என்று கேட்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் எனக்கு ஃபெடரல் கோர்ட்டில் ஜூரி அழைப்பு வந்தது. வழக்கின் பெயரை வாசித்தார்கள். ஒரு பக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகள், எதிர்ப்பக்கம் ஒரே ஒரு மனிதர், இரவல் வாங்கியது போல ஒரு கோட்டுக்குள். நீதிபதி எங்களிடம் கேட்டார்: "அரசு ஏஜென்ட் சாட்சி சொன்னால், அரசு ஆள் என்பதற்காகவே அவரைக் கொஞ்சம் கூடுதலாக நம்புவீர்களா?" என் வரிசையில் ஒரு அம்மா கையைத் தூக்கினார். நன்றி சொல்லி அவரை அனுப்பிவிட்டார் நீதிபதி. இன்றுவரை அந்த நீதிபதியை யார் நியமித்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

மேலே இருப்பவர் சொல்வதைக் கேட்கும் நீதிபதிதான் வேண்டும் என்றால், அந்த ஏற்பாடும் இங்கே இருக்கிறது. இமிக்ரேஷன் கோர்ட் என்று சொல்கிறோமே, அங்கே உட்காருபவர்கள் இந்த மூன்றாவது பிரிவு நீதிபதிகள் இல்லை. அதிபரின் அமைச்சரவையில் இருக்கும் அட்டர்னி ஜெனரலுக்குக் கீழே வேலை பார்க்கும் ஊழியர்கள். 2025இல் அவர்களில் பலரை வேலையை விட்டே அனுப்பினார்கள். நாளைக்கு உங்கள் தம்பியின் வழக்கு அப்படிப்பட்ட ஒருவர் முன்னால் வந்தால் நிம்மதியாக இருப்பீர்களா?

"அப்படியென்றால் செனட்டில் ஏன் இவ்வளவு அடிதடி?" என்று கேட்பீர்கள். நீதிபதிகளுக்குச் சட்டப் பார்வை என்று ஒன்று இருக்கிறது, நான் மறுக்கவே இல்லை. உச்ச நீதிமன்றத்தின் பெரிய வழக்குகளில் நீதிபதிகள் 6-3 என்று பிரியும்போது அது பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அங்கே ஆயிரக்கணக்கில் போகும் மனுக்களில் வருடத்துக்கு அறுபது எழுபது வழக்குகளைத்தான் முழுதாகக் கேட்கிறார்கள். மற்றபடி 94 மாவட்ட நீதிமன்றங்களில் தினமும் காப்புரிமை, போதைப்பொருள், ஒப்பந்தத் தகராறு என்று ஓடிக்கொண்டிருப்பதில் கட்சி எங்கே வருகிறது?

"பிடித்த ஜட்ஜாகத் தேடிப்போய் வழக்குப் போடுகிறார்களே?" உண்மைதான். ஒரே ஃபெடரல் நீதிபதி உட்காரும் டெக்சஸ் அமரில்லோவில் அது நடந்தது, தவறு. அதற்கு வழக்குகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவதுதான் வழி, எல்லா நீதிபதிக்கும் முத்திரை குத்துவது இல்லை.

"ஒற்றை ஜட்ஜ் நாட்டையே நிறுத்துவதா?" இதைத்தான் நேற்று அதிகம் பேர் கேட்டார்கள். 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்று அந்த அதிகாரத்தைக் குறைத்துவிட்டது. வழக்குப் போட்டவர்களுக்கு முழு நிவாரணம் கிடைக்கத் தேவையானதைத் தாண்டி நாடு முழுக்கத் தடை போட முடியாது. ஆனாலும் ஒரு பிரிவினர் எல்லோருக்குமாகச் சேர்த்து வழக்கு நடத்தும் வழி திறந்தே இருக்கிறது. நான் பகிர்ந்த தடை உத்தரவைப் படித்திருந்தால் அந்த வழியில்தான் போயிருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். படிக்கவில்லையே!

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஸ்ரீ ஸ்ரீனிவாசன், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். 2013இல் செனட் அவரை 97-0 என்று உறுதி செய்தது, இரண்டு கட்சியும் சேர்ந்து. 2016இல் உச்ச நீதிமன்றத்துக்கு அவர் பெயர் அடிபட்டபோது நம் ஆட்கள் கொண்டாடாத குழு உண்டா? நேற்று அவரையும் "ஒபாமா ஜட்ஜ்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்கள். ஹெச்-1பி வைத்திருப்பவர்களின் துணைவருக்கான ஹெச்-4 விசாவில் இருப்பவர்களின் வேலை அனுமதியை எதிர்த்த வழக்கை 2023இல் தள்ளுபடி செய்த தன்யா சட்கனும் ஒபாமா நியமித்தவர்தான். அந்த அனுமதியில் வேலைக்குப் போகும் பெண்கள் இதே குழுவில் இருக்கிறார்கள்.

இது வெறும் வாய்ச்சண்டை என்று நினைக்காதீர்கள். 2020 ஜூலையில் நியூ ஜெர்சியில் ஃபெடரல் நீதிபதி எஸ்தர் சாலஸ் வீட்டு வாசலுக்குக் கூரியர் ஆள் மாதிரி வந்தவன் ஒரு வக்கீல். அவரிடம் வழக்கு நடத்தியவன். 20 வயது மகனைச் சுட்டுக் கொன்றான், கணவருக்குப் பலத்த காயம். 2025இல் வேறு நீதிபதிகளின் வீடுகளுக்கு, யாரும் கேட்காத பீட்சாக்கள் அந்தச் செத்துப்போன பையனின் பெயரில் போய் இறங்கின. "உன் வீடு எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லும் மிரட்டல் அது.

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு மேல் நம் குழுவில் ஒருவர், "அந்த ஜட்ஜ் வீடு எந்த ஏரியா?" என்று கேட்டார். இரண்டு பேர் சிரிப்பு எமோஜி போட்டார்கள். அட்மின் உட்பட யாரும் கண்டிக்கவில்லை. அவர் பெயரை நான் இங்கே போடவில்லை, ஆனால் இதைப் படிப்பார் என்று தெரியும். அண்ணா, தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?