சாக்கர் என்று சொன்னால் என்ன குடிமுழுகிப் போகிறது?

சனிக்கிழமை விருந்தில் நடந்தது இங்கே பலருக்குத் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் என் பதின்மூன்று வயதுப் பையன் கால்பந்தை ‘சாக்கர்’ என்றதற்கு, அத்தனை பேர் முன்னால் “அது அமெரிக்கக்காரன் கெடுத்த வார்த்தை, ஒழுங்கா ஃபுட்பால்னு சொல்லு” என்று வகுப்பு எடுக்க வேண்டுமா?

ஐயா, அது அசல் இங்கிலாந்துச் சரக்கு. 1863இல் லண்டனில் ஃபுட்பால் அசோசியேஷன் உருவானது. ரக்பியும் ஃபுட்பால்தான் என்பதால் இதற்கு அசோசியேஷன் ஃபுட்பால் என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் அந்த ‘அசோசியேஷன்’ (association) என்ற சொல்லைச் சுருக்கி சாக்கர் (soccer) ஆக்கினார்கள், ரக்பியை ரக்கர் ஆக்கியது மாதிரியே. அமெரிக்கக்காரன் பாவம், இதில் ஒன்றும் செய்யவில்லை.

நாம் இருப்பது மெல்பர்னில். இந்த ஊர்க்காரர்கள் 1859லேயே தங்கள் ஃபுட்பாலுக்கு, அதாவது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் என்ற வேறு ஆட்டத்துக்கு, விதி எழுதிவிட்டார்கள், லண்டனுக்கு நாலு வருடம் முன்பே. அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது பேரனுக்கு வாங்கலாம் என்று கடையில் ஃபுட்பால் கேட்டார். முட்டை வடிவில் சிவப்புத் தோல் பந்து ஒன்றைக் கொடுத்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “காத்து சரியா அடிக்கலையோ?” என்றார். இதே நாட்டில் சிட்னிக்குப் போனால் ‘ஃபூட்டி’ (ஃபுட்பாலுக்குச் செல்லப் பெயர்) என்பது பெரும்பாலும் ரக்பி லீக். பையன் பள்ளியில் சாக்கர் என்று சொன்னால்தான் எந்த ஆட்டம் என்று புரியும்.

‘இங்குள்ள சாக்கர் சங்கமே 2005இல் பெயரை ஃபுட்பால் என்று மாற்றிக்கொண்டதே’ என்பீர்கள். சரி. தேசிய அணியை இன்றைக்கும் சாக்கரூஸ் என்கிறார்களே, அவர்களையும் கூப்பிட்டுத் திட்டுங்களேன். ‘உலகமே ஃபுட்பால் என்கிறது’ என்பவர்கள் அயர்லாந்து போய்ப் பாருங்கள். அங்கே கேலிக் ஃபுட்பால் உண்டு, பந்தைக் கையிலும் பிடிக்கலாம். கனடாவில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் மோதுவதும் ஃபுட்பால்தான். ‘காலால் ஆடினால்தானே ஃபுட்பால்’ என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

ஒரு சொல்லுக்கா இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். “மாமா, நான் சனிக்கிழமை காலையில சாக்கர் ஆடப் போவேன்” என்றான் அவன். அதில் சாக்கர் ஒன்றுதான் ஆங்கிலம். மற்றதெல்லாம் தமிழ், தானாக முன்வந்து பேசிய தமிழ். அது யார் காதிலும் விழவில்லை. தமிழ் பேசினால் உச்சரிப்பைக் கிண்டல் செய்வீர்கள், இங்கிலீஷ் பேசினால் அதையும் திருத்துவீர்கள். அப்புறம் ‘இந்தக் காலத்துப் பசங்க விசேஷத்துக்கே வர்றதில்லை’ என்று அங்கலாய்ப்பு வேறு.

பொங்கல் விழாவுக்கு அவன் வர மாட்டானாம். நான் வற்புறுத்தப் போவதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் எனக்கு ஃபோன் செய்ய வேண்டாம்.